அத்தானைப் பற்றி நாலு வார்த்தை

அத்தான் ஓய்வு பெறுகிறார். தொலைக்காட்சி நிலையத்தில் விழா எடுக்கிறார்கள், விழா மலர் ஒன்றும் அச்சுப் போடுகிறார்கள். அதில் குடும்பத்தாருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அக்கா அதை என் தலையில் கட்டிவிட்டாள். "நீதான் வளவளன்னு பேசுவியே, அத்தானப் பத்தி நாலு வார்த்தை நல்லதா எழுதிக் குடுடி" என்றாள். சரி, எழுதுகிறேன். கேட்டவர்கள்தான் படித்தாக வேண்டும்.

நான் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். அணுமின் நிலையத்துக்குப் போகிற சாலையில் கடை. நாற்காலி இரண்டு, கண்ணாடி இரண்டு, வாய் ஒன்று. அந்த வாய்க்காகத்தான் வீட்டில் எனக்கு 'ரேடியோ' என்று பெயர். வைத்தவர் அத்தான். "ரேடியோ வந்தாச்சு, எல்லாரும் வாயை மூடிக்கங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

அத்தான் வானிலை வாசிக்கிறவர். அவர் அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் எங்கள் தெருவே அவரை டிவியில் பார்க்கக் காத்திருக்கும். கோட்டு, டை, வழித்து வாரிய தலை. ஒருநாள் அக்காவோடு டிவி நிலையத்துக்குப் போனபோது அவரை முழுசாகப் பார்த்தேன். கேமரா இடுப்புக்கு மேலேதான் பிடிக்கும் என்பதால், கீழே முட்டி வெளுத்த பழைய கால்சட்டையும் வீட்டுச் செருப்பும் போட்டுக்கொண்டு நின்றார். இடுப்புக்கு மேலே ஒரு ஆள், கீழே வேறு ஆள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், எங்கே உறைத்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் துணிச்சல் வேண்டுமே. மேலதிகாரி போன் செய்தால் வீட்டில்கூட எழுந்து நின்றுதான் பேசுவார். "ஆமாங்க, சரிங்க, அப்படியே பண்ணிடறேங்க." இந்த மூன்றையும் வைத்தே முழு உத்தியோகத்தையும் ஓட்டிவிட்டார். குடிப்பதில்லை, கத்துவதில்லை, அக்காவை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. இதெல்லாம் நல்லதுதான், எழுதிவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காற்று. வெப்பம், மழை எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் கையை நீட்டி, வரைபடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்து, "காற்று..." என்று ஆரம்பித்து திசையைச் சொல்வார். பிள்ளைகள் தெருவில் அதை நடித்துக் காட்டும். என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். சகலை என்றால் அவருக்கு உயிர். பணிமனை டிவி முன்னால் நின்றுகொண்டு, "எங்க சகலை காத்து சொல்லப் போறாரு, சத்தம் போடாதீங்கப்பா" என்று மற்றவர்களை அடக்குவார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பிற்பகல் அணுமின் நிலையத்தில் உலை வெடித்தது. என் கடைக் கண்ணாடி இரண்டும் அதிர்ந்தன. மாலைச் செய்தியில், சிறு பழுது, சரிசெய்கிறார்கள், வதந்திகளை நம்ப வேண்டாம் என்றார்கள். சிறு பழுதுக்கு எதற்கு ஊரைக் காலி செய்கிறார்கள் என்று கேட்க அந்தச் செய்தியில் ஆள் இல்லை. எங்கள் பக்கத்துத் தெருக்காரர்களை ஏற்றிப் போகப் பேருந்துகளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரை விட்டு வெளியேற இரண்டு சாலை உண்டு. ஒன்று பாலம் தாண்டி வடக்கே, இன்னொன்று வயல் வழியாகக் கிழக்கே. "ஏதோ ஒரு பக்கமா போங்கப்பா, சீக்கிரம் போங்க" என்று பணிமனை மேலாளர் கையை உதறிவிட்டார். ஓட்டுநர்கள் டிவி முன்னால் கூடினார்கள். அத்தான் வந்தார். வெப்பம் சொன்னார். மழை இல்லை என்றார். "வானம் தெளிவாக இருக்கும், வணக்கம்" என்றார். கை எழும்பவே இல்லை. காற்றைச் சொல்லவில்லை.

"சகலை சொல்லலன்னா காத்து ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம்" என்று என் வீட்டுக்காரர் கிழக்குச் சாலையில் வண்டியை விட்டார். நானும் அந்த வண்டியில்தான் இருந்தேன். நெரிசல், புழுக்கம், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருந்தோம். என் பக்கத்தில் எங்கள் தெருத் தையல்காரி. முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்து, "அப்பாடா, நல்ல காத்து" என்றாள். மின் நிலையத்தின் மேலிருந்து கிளம்பிய விஷக் காற்று வழிநெடுக எங்களோடுதான் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது.

அந்தத் தையல்காரி இப்போது இல்லை. அந்த வண்டியில் வந்த மற்றவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். முடி வெட்டுமுன் கழுத்தில் துணி சுற்றுவேன் அல்லவா, அப்போது தெரியும், தொண்டைக்குக் குறுக்கே, தைராய்டை வெட்டி எடுத்துத் தையல் போட்ட தழும்பு. என் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது. அறுவை சிகிச்சையில் குரல் போய், இப்போது கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். தையல்காரியின் புருஷன் எங்கள் வாசலில் நின்று, "உன் ஆளுதான் எங்கள அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனான், அவன் கை வெளங்குமா?" என்று மண்ணை வாரித் தூற்றினான். இவர் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு வண்டி ஓட்டுவதை விட்டவர்தான். தெருவில் கூட இறங்குவதில்லை.

விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்து எழுந்தது. கிழக்குச் சாலையை ஓட்டுநர்களே தேர்ந்தெடுத்தார்கள், அன்று மாலை காற்றின் திசை எவருக்கும் தெரியாது என்று அறிக்கை கொடுத்தது. வெடித்ததைப் பற்றி அத்தனை காலம் மூச்சு விடாமல் இருந்த டிவி நிலையம், ஓட்டுநர்கள் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் செய்திக்குச் செய்தி வாசித்தது. அப்போது மட்டும் எங்கிருந்து வந்ததோ குரல்! குழுவில் அத்தானையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "தகவல் வந்ததா ஞாபகம் இல்லைங்க" என்றார். என் வீட்டுக்காரர் அதையும் நம்பினார். "சகலைக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

கிழக்குச் சாலைக்காரர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, இப்போது அந்தக் குழு திரும்பக் கூடுகிறது. காற்றின் திசை தெரிந்தேதான் மறைத்தார்கள் என்று யாராவது ஒரு ஆள் சொன்னால் போதும், என் வீட்டுக்காரர் தலையில் போட்ட பழி இறங்கும். அந்த ஒரு ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அக்கா விழாவுக்காகத் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வந்தாள். பூசிவிட்டு, காய்கிறவரை அசையாதே என்று உட்கார வைத்தேன். "எழுதினியா?" என்றாள். "நல்லதா ஒண்ணும் சிக்கலக்கா, நீயே சொல்லு" என்றேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்.

"அவருக்கு என்மேல எவ்வளவு பாசம்னு எழுதேன். அந்த வெடிச்ச அன்னைக்கு, அத்தனை வேலையிலயும், வாசிக்கப் போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாருடி. மாடியில துணி காஞ்சுக்கிட்டிருந்துச்சு. 'துணியை எடு, ஜன்னலைச் சாத்து'ன்னாரு. வேற ஒண்ணும் பேசல, வெச்சுட்டாரு. எந்தப் புருஷனுக்கு வரும்?"

சீப்பை வைத்துவிட்டு அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினேன்.

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. முகம் செத்துவிட்டது. தலை நிறையச் சாயம், எழுந்து ஓடவும் முடியாது.

"எனக்கு ஏங்கா சொல்லல? ஒரு போன். நான் உன் கூடப் பிறந்தவதானே?"

"உனக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிடி" என்றாள். "ரேடியோகிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னு அவரு அப்பவே சொன்னாரு. அவரு வேலைக்கு ஆபத்தாயிடும்ல?"

ஊருக்கே சொல்லியிருப்பேன். ஆமாம். தையல்காரியிடம் சொல்லியிருப்பேன், பணிமனைக்கு ஓடியிருப்பேன், தெருத்தெருவாகக் கத்தியிருப்பேன். அதற்குப் பயந்துதான் கூடப் பிறந்தவளை ஜன்னல் திறந்த வண்டியில் ஏற்றி அனுப்பினாள். அப்போது அவளை அடிக்கக் கை எழுந்தது. சாயத்தைக் கழுவித்தான் விட்டேன். தண்ணீர் கொஞ்சம் சூடாகவே இருந்திருக்கும்.

அவளை அழைத்துப் போக அத்தான் வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"மேல இருந்து சொன்னாங்கம்மா. காத்த மட்டும் விட்டுடுன்னாங்க. நான் என்ன பண்றது?"

"அதையே குழுவுல சொல்லுங்க. உங்க சகலை உசிரோட செத்துக்கிட்டிருக்காரு."

"விழா முடியட்டும்மா, பார்க்கலாம்." கதவருகே போனவர் திரும்பி, "அந்தப் போன் விஷயத்த மட்டும் எழுதிடாத ரேடியோ" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்று ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி ஓட்டிய கை.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியுமா?" என்றார் கிசுகிசுப்பாக.

"முன்னாடியே."

"அப்ப அது நான் இல்ல" என்றார். அப்புறம் இன்னொரு தரம், கேள்வியாக, "நான் இல்லதானே?" என்றார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, தையல்காரி வீடு இருக்கிற தெருப் பக்கம் நடந்து போனார்.

மலர்க் குழுவினரே, நீங்கள் இதைப் போட மாட்டீர்கள், தெரியும். உங்களுக்குப் பழக்கம்தானே. விசாரணைக் குழுவில் நானே போய்ச் சொல்கிறேன், கடை நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்கிறேன். ரேடியோ என்று பெயர் வைத்தது நான் இல்லையே. ஒருவேளை இடம் இருந்தால் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, அத்தானின் புகைப்படத்துக்குக் கீழே அவர் வாயிலிருந்து வந்ததை மட்டும் போடுங்கள். அக்கா கேட்டதும் நாலு வார்த்தைதான், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் சொன்ன நல்ல வார்த்தை:

துணியை எடு. ஜன்னலைச் சாத்து.