பள்ளத்தாக்கு பார்த்த அறை

ஆரோக்கியராஜுக்குத் தீபாவளி என்றால் பாய்லருக்குள் இறங்கும் நாள். வீரபாண்டியில் அவன் வேலை பார்க்கும் சாயப்பட்டறை வருடம் முழுக்க நீராவியில் ஓடும். எல்லோரும் ஊருக்குப் போய் மெஷின்கள் அடங்கிய பிறகுதான் பாய்லரை ஆறவிட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே படிந்ததைச் சுரண்ட முடியும். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை ஆப்பரேட்டர் அங்கேயே கிடக்க வேண்டும். ஊரே வெடி வெடிக்கும்போது இரும்பு வயிற்றுக்குள் படுத்துக் கரி துடைப்பவன் அவன் ஒருவன்தான்.

"நாம வேதக்காரங்க. நமக்கு என்ன தீபாவளி?" என்பான்.

"கிறிஸ்மஸுக்கு மட்டும் அந்தப் பாய்லரு ஒங்கள விட்டுச்சாக்கும்?" என்பாள் ஆஷா.

ஆஷா அவன் மனைவி. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மலை என்றால் அவளுக்குக் கொடைக்கானல். ஒருமுறையும் பார்த்ததில்லை. ஐப்பசியில் மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும் என்று கூட வேலை பார்க்கும் வினிதா சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அந்த ஜன்னல் வேண்டியிருந்தது. படகு வேண்டாம், குதிரை வேண்டாம். இவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இவன் மேல் விறகுப் புகை வாடை இல்லாமல்.

இந்த வருடம் ஆயுத பூஜை விடுமுறையிலேயே பாய்லர் சோதனை முடிந்துவிட்டது. ஆஷா விடுவாளா? வினிதாவுக்குத் தெரிந்த லாட்ஜில் தீபாவளிக்கு அறை சொல்லியாயிற்று. பழனி வழியாகப் போகிற பஸ்ஸை விசாரித்தாயிற்று. காதர்பேட்டையில் அவனுக்கொரு குரங்குக் குல்லாகூட வாங்கிவிட்டாள்.

"நா என்ன கொரங்கா?"

"போட்டுக் காட்டுங்க, சொல்லுதேன்."

லீவு கேட்பது ஒன்றுதான் பாக்கி. முதலாளி தங்கவேலு முடியாது என்றால் என்ன சொல்வது என்று சைக்கிளில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தான். ஒவ்வொரு 'முடியாது'க்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது.

முதலாளி சிரித்தார். "மலைக்குப் போறீங்களா? தாராளமாப் போயிட்டு வாங்க. எங்க தங்கறீங்க?"

லாட்ஜ் பேரைச் சொன்னான்.

"அட, அதெல்லாம் எதுக்குங்க? நம்ம மச்சான் அங்க ரிசார்ட் வெச்சிருக்கறாப்ல. நம்ம ஊடு மாதிரி. நீங்க ஒண்ணும் குடுக்கப்படாது, ஆமா." அவன் முன்னாலேயே போனைப் போட்டுப் பேசி முடித்தார். போனை வைத்துவிட்டு, "அப்பறம் ஆரோக்கியராஜ், அங்க ஒரு சுடுதண்ணி பாய்லர் இருக்குதுங்க. என்னமோ சத்தம் வருதாமா. சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்க" என்றார்.

அவர் 'முடியாது' என்று சொல்லவே இல்லையே. "சரிங்க" என்றது அவன் வாய்.

வீட்டில் அவன் பாதியை மட்டும் சொன்னான். மேகம் பார்த்த ரிசார்ட், முதலாளி தயவு. ஆஷா நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் வினிதாவைக் கூப்பிட்டு லாட்ஜ் அறையை விடச் சொன்னாள். "ஒங்க மொதலாளிய நா என்னவெல்லாம் ஏசியிருக்கேன். பாவம், நல்ல மனுசன்" என்றாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் பாடி அவன் கேட்டு நாளாகியிருந்தது. பாய்லர் மூடியை யாரோ வெளியிலிருந்து திருகிவிட்டது போல இருந்தது அவனுக்கு.

கிளம்புகிற காலையில் ஆஷா பையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை.

"ரெண்டு ஸ்வெட்டரு இம்புட்டா கனக்கும்?"

அவன் எழுந்து வருவதற்குள் ஜிப்பைத் திறந்துவிட்டாள். ஸ்வெட்டருக்குக் கீழே, அவன் பழைய பனியனில் சுற்றி, இரண்டு பெரிய ஸ்பேனர்களும் ஒரு கம்பி பிரஷும் இருந்தன.

"இது எதுக்கு?"

"ஒரு எட்டுப் பாத்தாப் போதுமாம் ஏளா. சுடுதண்ணி பாய்லரு. சின்னதுதான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு எந்தப் பாய்லராவது ஒரு எட்டுல முடிஞ்சிருக்கா? எங்கிட்ட ஏன் மறைச்சிய?"

"நீ பாடிக்கிட்டு இருந்த."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அவன் போனை எடுத்து நீட்டினாள். "முடியாதுன்னு சொல்லுங்க. நாம வேற ரூம் தேடிக்கிடலாம். கெடைக்கலன்னா பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து மேகத்தப் பாத்துட்டு வருவோம்."

எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க ஆரோக்கியராஜ்! பஸ் ஏறியாச்சுங்களா? உங்களுக்குன்னு பள்ளத்தாக்குப் பாத்த ரூமாப் போடச் சொல்லிட்டேனுங்க. சம்சாரத்துக்குப் புடிக்கும்."

ஆஷாவுக்கும் கேட்டது. அவன் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அது வந்துங்க..."

"அட, ஏனுங்க தயங்கறீங்க? நம்ம ஊடுங்க அது."

"ரொம்ப நன்றிங்க" என்றான் ஆரோக்கியராஜ்.

ஆஷா எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு கட்டைப்பையை எடுத்து உதறினாள். அவள் சேலைகளையும் ஸ்வெட்டரையும் சீப்பையும் பெரிய பையிலிருந்து ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினாள். ஸ்பேனரைப் பனியனில் திரும்பச் சுற்றி அவன் பையிலேயே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்கு. அங்க போயி நீங்க பாய்லரப் பாருங்க. நா மலையப் பாக்கேன்."

கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அவன் வீட்டைப் பூட்டிவிட்டு, கனத்ததைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.