மறுநாள் காலை

எங்கள் ஊர் பஸ் டிரைவர் மனாசேக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. வண்டி நின்றாலும் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

விலாவிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. எங்கள் சவாயித் தீவில் யாரும் அதற்குத் தனியாகப் போய்ப் படுப்பதில்லை, கூடவே குத்திக்கொள்ள ஒரு ஜோடி வேண்டும். ஜோடிக்கு ஆள் கேட்கப் போன இடத்திலெல்லாம், "விலாவுல எப்படி வலிக்கும்? தொப்புள்ல?" என்று கேட்டுக் கேட்டே மூன்று பேரை விரட்டிவிட்டான்.

"முதல்ல வாய்க்குத் தையல் போடச் சொல்லுங்க. அந்த வலியத் தாங்குறாரான்னு பாப்போம்," என்றாள் அவன் மனைவி செலாவே.

கடைசியில் என்னிடம் வந்தான். எனக்கு முதுகிலும் இடது தொடையிலும் மட்டும்தான் பச்சை. பதினொரு வருஷமாக ஊர் என்னை அரைகுறை என்கிறது, முதுகுக்குப் பின்னால்தான். லுங்கியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டியே பழகிவிட்டேன்.

"இசோபோ அண்ணே, எந்த இடத்துல வலி தாங்காம எந்திரிச்சு ஓடுன?"

சேப்பங்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவன் கம்பை வீசி எறிந்தேன்.

"ஓடினேன்னு எவன்டா சொன்னான்? ஊசிச் சீப்பத் தட்டும்போது வலிக்கும். ரத்தத்தத் துடைக்கும்போது அதவிட வலிக்கும். படுத்துட்டா எல்லாம் தாங்கிரலாம். மறுநாள் காலைல, தெரிஞ்சே திரும்பப் போய்ப் படுக்கணும் பாரு, அங்கதான் நான் போகல. வீட்டுலயே உக்காந்துட்டேன்."

மனாசேயின் முழங்கால் ஆடாமல் நின்றது.

"அப்போ நீதான்ணே எனக்கு ஜோடி. மிச்சத்தையும் குத்திக்க."

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை அவன் முதலில் படுத்தான். பச்சை குத்துகிறவர் மையில் தோய்த்த ஊசிச் சீப்பைத் தோலில் வைத்துத் தடியால் தட்டத் தட்ட, "அண்ணே, நீ சொன்னதவிட மோசம்!" என்று கத்தினான்.

"பேசாமப் படுடா," என்று சொல்லி அவனுக்கு ஓலை விசிறியால் விசிறினேன். பிறகு என் வலது தொடை. நான் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வந்து ஹார்ன் அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தான். விடிந்ததும் சாலையில் நின்றேன். சத்தமே இல்லை. வராமலே போகட்டும் என்று ஒரு மனது வேண்டிக்கொண்டது. அப்படி நினைத்தது எனக்கே கேவலமாக இருந்தது. கால்களை அகட்டி அகட்டி அவன் வீட்டுக்கு நடந்தேன்.

மனாசே ஏற்கெனவே பளபளவென்றிருந்த பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிரேக் சரியில்லண்ணே."

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. அதான் வண்டி நகரல. ஏறு."

ஏறி உட்கார்ந்தான். கை ஸ்டீயரிங்கில் இருந்தது, சாவியைத் திருப்பவில்லை. எனக்கும் தொடை எரிந்தது.

ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஊருக்கே கேட்கும்படி, ஹார்னை நான் அடித்தேன்.