மணிச்சாமி கதை கேட்ட அக்கா

ஈரக் கையால் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று, முழங்கையாலேயே அதன் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள் மீன்கார அக்கா. அவளை நினைக்கும்போதெல்லாம் அந்த மதியமும் அந்த முழங்கையும்தான் முதலில் வருகின்றன. கிழங்கான் மீன் வாங்கிக்கொண்டு நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள், வாசற்படியில் நான் கவிழ்த்து வைத்திருந்த புத்தகம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. அட்டையில் பனி கொட்டும் ஒரு முற்றம். கறுப்பு அங்கி போட்ட துறவி ஒருவர் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஒரு மணிக்கூண்டு.

“சாமியாரு கையில லாந்தரை வெச்சுகிட்டு என்ன தேடுறாரு?” என்று கேட்டாள்.

பிணத்தைத் தேடுகிறார் என்றேன். தலைக்கு ஏற்றப் போன அன்னக்கூடையை மறுபடி தரையில் இறக்கி வைத்தாள் அக்கா.

நான் கல்யாணமாகி காரைக்காலுக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. கணவர் குவைத்தில் இருந்தார். மாமியார் தவறிய பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். அதுவரை வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. சில நாட்கள் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும். ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதால் பழைய பேப்பர் கடையில் ஆங்கிலப் புத்தகம் எது வந்தாலும் கடைக்காரர் எனக்கென்று எடுத்து வைப்பார். அப்படி ஒருநாள் கயிறு கட்டிய ஒரு கட்டாக வந்தவைதான் இந்த நாவல்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்து. அங்கே ஒரு மடம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு கொலை. மடத்தில் மணி அடிக்கும் துறவி, ஒரு காது கேட்காதவர், கொன்றது யார் என்று கண்டுபிடிப்பார். எல்லாப் புத்தகங்களிலும் அவரேதான்.

அக்கா காரைக்கால்மேட்டிலிருந்து வருவாள். ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று, கடைசியாக எங்கள் தெருவுக்கு வரும்போது கூடையில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டைக் கடைசி வீடாக வைத்துக்கொண்டாள். முந்தைய நாள் நான் படித்த பகுதியை அன்று தமிழில் சொல்வேன். ஆரம்பத்தில் வார்த்தைகள் கிடைக்காமல் தடுமாறினேன். எங்கள் அப்பா மடத்து நிலத்தில் சாகுபடி செய்தவர். அந்த வழக்கத்தில் தலைமைத் துறவி சந்நிதானம் ஆனார், மற்றவர்கள் தம்பிரான்கள் ஆனார்கள், ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும் பிரார்த்தனை பூசை வேளையாகிவிட்டது. மணி அடிப்பவருக்கு மணிச்சாமி என்று பெயர் வைத்தது அக்காதான். அந்தத் துறவிகள் மடத்துக்குள்ளேயே குளம் வெட்டி மீன் வளர்த்தார்கள் என்று சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. எங்கள் பக்கத்து மடங்களில் கருவாட்டு வாசனைகூட அண்டாது. விரத நாளில் கறி கூடாதாம், மீன் சாப்பிடலாமாம் என்றேன். நல்ல மடம்தான் என்று சொல்லி வெகுநேரம் சிரித்தாள்.

கதை என் வாசலோடு நிற்கவில்லை. சாயங்காலம் கணவர் வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு அதைச் சொல்லுவாளாம். மறுநாள் அவர் யூகத்தோடு வந்து சேருவாள். பிணத்தை முதலில் பார்த்தேன் என்று கத்துகிறவனைத்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எந்தக் கதையானாலும் அதையே சொல்லி அனுப்புவார். ஒரு தடவை அது சரியாகவே போய்விட்டது. அன்று வலைக்காரர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லித் திரிந்ததாக அக்கா சொன்னாள். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் புத்தகம் படிக்கும்போது, இந்த இடத்தில் அவர் என்ன சொல்வார் என்று யோசிக்கப் பழகியிருந்தேன். என் கணவர் வெள்ளிக்கிழமை தோறும் போன் பண்ணுவார். உடம்பு, மழை, வீட்டு ஓட்டின் ஒழுகல் என்று பேசுவோம். இந்தக் கதைகளைப் பற்றி அவரிடம் சொல்லத் தோன்றியதில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் நான் சொல்லிக்கொண்டிருந்தது குளத்துக் கதை. நோன்பு காலத்துக்காக மடத்துக் குளத்தில் வலை இழுக்கிறார்கள். மீனோடு சேர்ந்து ஓர் ஆள் வருகிறான். யாரென்று தெரியாது. ஊர்க்காரர்களைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் தம்பிரான்கள் அவனைக் கழுவி, வெள்ளைத் துணி சுற்றி, சந்நிதியில் கிடத்தி, தங்களில் ஒருவர் இறந்தால் செய்வதுபோல் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார்கள். இந்த இடத்தை அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அந்த ஆள் வீட்டுக்குத் தகவல் போனதா என்று கேட்டாள். பெயரே தெரியாதபோது எப்படிப் போகும் என்றேன். அதுவும் சரிதான் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. காற்றும் மழையுமாக இருந்ததால் ஏலம் நடந்திருக்காது என்று நினைத்தேன். எதிர்வீட்டு அம்மாதான் வந்து சொன்னார். அக்காவின் கணவர் போன ஃபைபர் படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இருவர் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறு படகுக்காரர்கள் கண்ணில் பட்டுக் கரை சேர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் அக்கா நிற்கிறாள். தலையில் கூடை இல்லாமல் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. தெற்கே கரை ஒதுங்கிய உடல் ஒன்றை நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“நீயும் கூட வா தங்கச்சி. எங்க ஆளுங்க எல்லாரும் அவருதான்னு முடிவு பண்ணிகிட்டுத்தான் கெளம்புறாங்க. முடிவு பண்ணாத ஒருத்தி என் பக்கத்துல வேணும்.”

பிணவறையில் மூக்கில் கற்பூரத் துணியை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். பார்ப்பதற்கு அங்கே முகம் மிச்சமில்லை. பிறகு கால்மாட்டுக்குப் போய்த் துணியை விலக்கச் சொன்னாள். அவள் கணவருக்கு வலது கால் சுண்டுவிரல் பிறவியிலேயே பக்கத்து விரலின் மேல் ஏறியிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மாமனார் அவள் தோளைத் தொட்டு, தண்ணீரில் கிடந்தால் எல்லாம் மாறிப்போகும் என்றார். இவன்தான் என்று சொல்லிவிடு, சடங்கை முடித்துவிடலாம், உன் மாமியார் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மகன் கடலில் அலைகிறான் என்ற நினைப்பிலிருந்து அந்த மனிதருக்கு விடுதலை வேண்டியிருந்தது.

“இவரு இல்ல மாமா” என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் மாமனார் மறுபடி கெஞ்சினார். கொழுந்தன் கோபத்தில் ஏதோ சொன்னான். அக்கா குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னாள்.

“நான் ஆமான்னு சொல்லிட்டா, இவரு வூட்டுல இருக்கறவங்க எங்க போயித் தேடுவாங்க?”

திரும்பி வரும் பஸ்ஸில் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் பின்னால்.

அந்த உடலைத் தேடி யாரும் வரவில்லை. போலீஸ்காரர்களே புதைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னையும் அழைத்துப் போனாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். நம்ம ஆள் இல்லாதவனுக்கு நான் ஏன் பால் ஊற்ற வேண்டும் என்று கொழுந்தன் முரண்டு பிடித்தான். “உங்க அண்ணன் எந்தக் கரையில ஒதுங்கியிருக்காரோ, அங்க ஒருத்தன் ஊத்தட்டும்னு நெனச்சு ஊத்துங்க தம்பி” என்றாள். அவன் ஊற்றினான். ஊற்றும்போது தேம்பித் தேம்பி அழுதான்.

அக்காவின் வாழ்க்கை அதன் பிறகு இரண்டும் கெட்டானாக ஆகிவிட்டது. சுமங்கலி என்று விசேஷத்துக்குக் கூப்பிடவும் மாட்டார்கள், விதவை என்று துக்கம் கேட்கவும் மாட்டார்கள். மாமியார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மகனுக்குப் போய்ச்சேர ஒரு வழி இருந்தது, இவள்தான் அடைத்துவிட்டாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாராம். பொட்டோடும் தாலியோடும் அக்கா மறுபடி கூடையைத் தூக்கினாள். எங்கள் வீட்டுக்குக் கடைசியாகவே வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கதையை அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பல மாதங்கள் கழித்து, கிளம்பும் நேரத்தில், குளத்தில் கிடைத்தானே, அவனுக்குப் பெயர் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். கொன்றது யார் என்று சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்தி நிறுத்தினாள்.

“அது வேணாம். பேரு கெடைச்சுதுல்ல, போதும்.”

என் கணவர் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து பல வருடங்கள் ஆகின்றன. வந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு மணிச்சாமி கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, கொன்றது யார் என்று மட்டும் சொல்லு என்றார். சொன்னேன். அப்படியா என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வீட்டில் இருக்கும் மதியங்களிலும் வாசற்படிப் பக்கம் என் காது போய்க்கொண்டுதான் இருந்தது. அக்கா தெருவுக்கு வருவதை அதற்குள் நிறுத்திவிட்டாள். முழங்கால் வலி, ஏலத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விற்கிறாள். ஏழு வருடம் கழிந்து கணவரின் இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபோது அதை மாமனாரிடம் கொடுத்துவிட்டாள். தாலியைக் கழற்றவில்லை.

கார்த்திகையில் அந்த உடலைப் புதைத்த நாள் வந்தால் மட்டும் ஒரு தூக்கில் பால் எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறுவாள். சென்ற வருடம் நானும் கூடப் போனேன். இடுகாட்டுக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். உள்ளே புதுமேடுகள் நிறைய. அன்று எந்த மூலையில் நின்றோம் என்பது எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. அக்கா அங்கும் இங்குமாக நடந்து பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள், பிறகு அங்கிருந்து சற்று நகர்ந்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. இங்கேதானா அக்கா, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டேன்.

“இங்கதான் எங்கயாச்சும் இருப்பாரு” என்று சொல்லிக்கொண்டே தூக்கின் மூடியைத் திறந்தாள். “இல்லாட்டி பக்கத்துல இருக்கறவரு குடிக்கட்டும்.”