உள்தோலும் அக்கா வைத்த சேனையும்

1. ஐஸ் உருகுமுன்

ஆஸ்பத்திரி லேப்பில் சேர்ந்த முதல் நாள், டாக்டர் ஐயா என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி அரை நிமிஷம் பார்த்தார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நடுக்கம் இல்லை. நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வாரும்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் இங்கிலீஷ், வராவிட்டால் தமிழ்.

எனக்குக் கொடுத்த வேலை செக்‌ஷன், அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கான மெல்லிய சீவல், வெட்டுவது. காயம் கட்டும் டிரஸ்ஸர்களின் வகுப்புக்காக ஆயர் ஈத்தாம் ஊரில் ஒரு சீனரிடம் சேவல் சேர்ந்த முட்டைகளை வாங்குவோம். விளக்குப் பெட்டியில் மூன்று நாள், நான்கு நாள் சூடு வைத்து உடைத்தால் உள்ளே நகக்கண் அளவுக்குக் கரு இருக்கும். அதை மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் தலைமயிரைவிட மெல்லியதாகச் சீவ வேண்டும். பினாங்கு வெக்கையில் பத்து மணிக்கே மெழுகு குழைந்துவிடும், அதனால்தான் விடியற்காலை வேலை. மரத்தூளில் பொதிந்து வந்த ஐஸ் கட்டியை மெழுகின்மேல் தேய்த்துக்கொண்டே வெட்டுவேன். சீவலைக் கண்ணாடித் துண்டில் ஒட்ட வைக்கவும் முட்டையின் வெள்ளைக் கருதான். ஒரு முட்டையில் எதையும் நாங்கள் வீணாக்கவில்லை.

முதல் நல்ல ஸ்லைடைச் சாயமேற்றிக் கொடுத்தபோது ஐயா என்னை மைக்ராஸ்கோப்பில் குனியச் சொன்னார்.

"பாரும், மூண்டு தோல். வெளித்தோலிலே இருந்து எங்கட சருமமும் மூளையும் வரும். நடுத்தோலிலே இருந்து தசை, எலும்பு, ரத்தம். ஆக உள்ளுக்கு இருக்கிறதைப் பாரும். குடல், ஈரல், மூச்சுக்குழலின்ர உள்பக்கம் எல்லாம் அதாலதான். முதல்லே ஒரே குழாய். பிறகு ரெண்டாப் பிரியும். முன்னுக்கு மூச்சு, பின்னுக்குச் சாப்பாடு."

புத்தகத்தில் அதற்கு என்டோடெர்ம் என்று பெயர். லேப்பில் நாங்கள் உள்தோல் என்போம். எத்தனையோ கரு வெட்டினேன். ஒன்றிலாவது அந்தக் குழாய் பிரியாமல் நின்று நான் பார்த்ததில்லை. அது தவறக்கூடும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

2. சேனை

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து என் மனைவி செல்லம்மா ஒரு பையனைப் பெற்றாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பது நம் வழக்கம். அதுதான் சேனை. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

வீட்டில் என் அக்கா பாக்கியம் இருந்தாள். துறைமுகத்தில் சரக்கு தூக்கிய அவள் புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள். அவளைப் போலப் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. அவளே சேனை வைக்கட்டும் என்றேன்.

"வேணாம் தம்பி. நான் தாலி அறுத்தவ. வேற யாரையாச்சும் கூப்பிடு."

"அதெல்லாம் ஊர்ப் பேச்சுலா அக்கா. நீதான் வைக்கணும்" என்று அடம்பிடித்தேன். லேப்பில் வேலை பார்க்கிறவன் என்ற திமிர் எனக்கு அப்போது நிறைய இருந்தது.

அக்கா விரலை நனைத்து வைத்தாள். பிள்ளைக்குப் புரையேறியது. வாயில் நுரை தள்ளி உடம்பு நீலம் பாரித்தது. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டியதும் மூச்சு வந்தது. பிறகு தாய்ப்பால் கொடுத்தபோதும் அதேதான். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். ஐயா வெளியூர், கெடாவுக்குப் போயிருந்தார். மறுநாள் மத்தியானம் அவர் திரும்பி வருவதற்குச் சற்று முன்பு பிள்ளை போய்விட்டது.

3. அரை மணி நேரம்

ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளையைத் திறந்து பாக்க வேணும். உமக்குச் சம்மதம் எண்டால் மட்டும். அரை மணித்தியாலம்."

தலையாட்டினேன். படிப்புக்காக என்று நினைக்காதீர்கள். அக்காவின் கையா காரணம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். முடிந்ததும் ஐயா கூப்பிட்டுக் காட்டினார். தொண்டையிலிருந்து இறங்கிய குழல் பாதியில் பைபோல மூடி நின்றது. கீழ்ப்பாதி மூச்சுக்குழலில் போய் ஒட்டியிருந்தது.

"உள்தோல் சரியாப் பிரியேல்லை. கரு உண்டாகி நாலாம் வாரத்திலே வந்த பிழை, அப்ப பிள்ளை ஒரு அரிசி அளவு. சீனித்தண்ணி காரணமில்லை. ஒருத்தரின்ர கையும் காரணமில்லை. வீட்டிலே போய்ச் சொல்லும்."

தையல் போட்ட உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"ஒரு தடவ நானே குளிப்பாட்டித் தரேங்க" என்று செல்லம்மா கையை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரியிலயே குளிப்பாட்டிட்டாங்க. துணிய அவுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். ஐயா அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் பிள்ளையை வாங்கி முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு அக்காவைப் பார்த்து, "தாலி அறுத்த கையால வச்சா வேற என்ன நடக்கும்?" என்றாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறந்தால் பிள்ளையை அறுத்த கதையையும் சொல்ல வேண்டும். திறக்கவில்லை.

4. தண்ணீர்மலையில்

ஒரு மாதத்தில் அக்கா கடல் தாண்டி அக்கரைக்கு, பிறை என்ற ஊரில் இருந்த புருஷன் வழி உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். செல்லம்மா அவள் பெயரைச் சொல்லி ஏசாத நாள் குறைவு. எங்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

நாலு வருஷம் கழித்துத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி கொண்டை முடிய வேண்டி, தன் கைக்குழந்தையை அக்காவிடம் நீட்டினாள். அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, என் கை ஆகாது."

அவளை ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் கொல்லலயா தம்பி?"

"இல்லக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செல்லம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. என்னைய ஏசியாச்சும் அவ ஆறிக்கிறா. பிள்ளைய அறுத்தாங்கன்னு கேட்டா தாங்க மாட்டா."

அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. அக்கா சொல்லிவிட்டாள் என்று அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

மறு வருஷம் பிறையில் காய்ச்சலில் அக்கா இறந்துபோனதாக ஒரு ஆள் வந்து சொன்னார். "நான் வரல" என்றாள் செல்லம்மா. அப்போதுதான் சொன்னேன், ஐயா கேட்டது, நான் தலையாட்டியது, தையல், துணி, தண்ணீர்மலையில் அக்கா சொன்னது, எல்லாவற்றையும். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"அறுத்தத அன்னைக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுது முடிச்சிருப்பேன். அந்த மனுஷிய இத்தன வருஷமா ஏசினேனே, அதையெல்லாம் இப்ப எங்க கொண்டுபோய்ப் போடுவேன்?"

எழுந்து புடவை மாற்றிக்கொண்டு என்னோடு அக்கரைக்குக் கப்பலேறினாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அக்காவை எடுத்துவிட்டார்கள். செல்லம்மா இடுகாட்டில் அந்தக் குழியின் ஈரமண்ணில் உட்கார்ந்து, "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

லேப்புக்கு இப்போது வேலைக்கு வருகிறவர்கள் என்னைவிட நன்றாக வெட்டுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ரிசல்ட் தெரிந்தால், அது யாருக்கு உரியதோ அவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் தாங்குவாரா மாட்டாரா என்பதை அவரே பார்த்துக்கொள்வார். அக்காவுக்கு உரியதை நான் நாலு வருஷமும் செல்லம்மாவுக்கு உரியதை ஐந்து வருஷமும் வைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் காலம் கடந்த பிறகுதான் கொடுத்தேன்.