கோட்டை வாசலில் சென்றி

புலம்பெயர்ந்து வந்து நோபிள் பார்க்கில் இருக்கும் சுஜீதனுக்கு லிஃப்ட் திருத்துகிற வேலை. நாற்பத்தாறு வயதில் அவன் ஆமிக்காரன் ஆனான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆமியில்.

கூட வேலை செய்யும் கிறெக்தான் அவனை அந்தக் கடற்கரைக் கோட்டைக்குக் கூட்டிப்போனவன். எதிரிக் கப்பல் வரும் என்ற பயத்தில் கட்டி, கடைசிவரை எதுவும் வராமல் போன கோட்டை. இப்போது சில பேர் அந்தக் காலத்துச் சிப்பாய்களைப் போல உடுத்து, ஒருநாள் அங்கே வாழ்ந்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். சுஜீதன் வேடிக்கை பார்க்கத்தான் போனான். யாரோ கருநீலச் சீருடைக் கோட்டு ஒன்றை நீட்டினார்கள். போட்டுப் பார்த்தான். அளவாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது அவனுக்கே விளங்கவில்லை. அவனுக்கு அது பிடித்துவிட்டது. பித்தளைப் பொத்தான்களை மினுக்குவது, வரிசையில் நின்று ஒரே அடியாகத் திரும்புவது, தகரக் கோப்பையில் குடிக்கும் தேத்தண்ணி, எல்லாமே. வவுனியாவில் பள்ளிக்கூடம் போகும்போது ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிக்குச் சென்றி சைக்கிளை விட்டு இறங்கி, ஐசி என்கிற அடையாள அட்டையை நீட்டித் தலைகுனிந்து நின்றவன் அவன். ஆமியின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் தெருவோரம் ஒதுங்கிவிடுவான். இப்போது அதே சத்தத்தைத் தானே எழுப்புகிறான். நன்றாகவும் இருக்கிறது. இது சரியா? யாரைப் போய்க் கேட்பது?

மனைவி செல்வராணியும் அதே ஊர், அதே சென்றிகள். அவளிடம் "நாடகம் மாதிரி ஒண்டு" என்று மட்டும் சொல்லியிருந்தான். ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றாள்.

அன்று வாசல் காவல் அவனுக்கு. வருகிறவர்களைத் துவக்கைக் குறுக்கே பிடித்து மறித்து, யார் என்று அதட்ட வேண்டும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்வார்கள். விட்டுவிடுவான். செல்வராணி வருவதைக் கண்ட குஷியில் கொஞ்சம் கூடுதலாகவே கத்திவிட்டான்.

அவள் நின்றாள். கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பகிடி என்று நினைத்தான். பிறகுதான் அவள் தலைகுனிந்து நிற்பதைக் கவனித்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை வாங்கினான். வாங்கியவன், படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். இத்தனை வருடம் அந்த முகத்தோடு குடும்பம் நடத்துகிறவன், எதற்காகப் பார்த்தான்?

"ராணி, நான்தானப்பா," என்றான் மெல்ல.

"தெரியும். உள்ளை போகலாமோ?"

பின்னால் நின்றவர்கள் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

திரும்பும்போது காரில் அவன்தான் தொடங்கினான். "நீர் ஏன் லைசென்ஸை எடுத்தனீர்?"

"தெரியேல்லை. கை தானாப் போச்சுது. நீங்கள் ஏன் வாங்கினீங்கள்?"

அவன் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தான்.

"கோபமோ?" என்று கேட்டான்.

"இல்லை. பயமுமில்லை. நீங்களெண்டு நல்லாத் தெரியும். அதுதான் எனக்கு விளங்கேல்லை." பின்சீட்டில் கிடந்த கோட்டுப் பக்கம் திரும்பினாள். "கோட்டு உங்களுக்கு வடிவாத்தான் இருக்கு."

பாராட்டா, குத்தலா என்று தெரியாமல் அவன் சிக்னலில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அடுத்த மாதம் போகாமல் விடலாமா என்று நாள்கணக்காக யோசித்தான். போனான். வாசலில் நிற்க முடியாது என்று கிறெக்கிடம் சொன்னான்.

"நீதானே நன்றாகச் செய்கிறாய்?" என்று கிறெக் ஆங்கிலத்தில் கேட்டான். இடுப்பில் கைவைத்து, நாரி நோவு என்று சுஜீதன் சமாளித்தான். குசினியில் உருளைக்கிழங்கு சீவக் கொடுத்தார்கள். வாசலிலிருந்து புதுக் காவல்காரனின் குரல் எழும்பும்போதெல்லாம் அவன் கையிலிருந்த கத்தி நின்று, பிறகு நகர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது செல்வராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இனியும் போவியளோ?"

"போக விருப்பந்தான். போகட்டோ?"

"போங்கோ," என்றாள். "வாசலிலை மட்டும் நிக்காதேங்கோ."

"ஓம்," என்றான். தான் ஏற்கெனவே குசினிக்கு மாறிவிட்டதை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியவில்லை.