பேட்டரி வயரைக் கழற்றியவர்

சென்னையில் வாகன மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். லாரிக்குள், தனக்கென்று சின்ன பேட்டரி உள்ள கையகலப் பெட்டி ஒன்றைப் பொருத்துவோம். வண்டி எங்கே நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்று அது எங்கள் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது சொல்வதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கும் நிரலை எழுதுவது என் பிழைப்பு. நாரணாபுரத்தில் பட்டாசுக்கு மருந்து அடைத்தவரின் மகள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

அதற்கு ஒருமுறை சரியான அடி விழுந்தது. வண்டியின் பேட்டரி இணைப்பை யாராவது துண்டித்தால் ‘திருட்டு முயற்சி’ என்று சிவப்பில் காட்டும்படி எழுதியிருந்தேன். அலுவலகத்தில் ஆஹா ஓஹோ என்றார்கள். கொஞ்ச நாளில் ஒரு லாரி கம்பெனி மேலாளர் போன் செய்தார்.

“உங்க சாஃப்ட்வேர் ஒரு திருட்டு டிரைவரைப் பிடிச்சுக் குடுத்துடுச்சு மேடம். இருபது வருஷமா எங்ககிட்ட இருக்கிறவர். வெள்ளிக்கிழமையோட வீட்டுக்கு அனுப்பிடுறோம்.”

வரைபடத்தைத் திறந்தேன். அவர் வண்டியின் சிவப்புப் புள்ளிகள் நாரணாபுரத்திலும் ஆனைக்குட்டம் பக்கமும் மட்டும்தான். எல்லாமே பட்டாசுக் கம்பெனி வாசல்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. லோடு ஏற்றும் முன் பேட்டரி வயரைக் கழற்றி வைப்பது அங்கே வழக்கம். ஒரு பொறி பறந்தால் போதும், ஆள் மிஞ்சமாட்டார். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நிரல் எழுதிய எனக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமையே நாரணாபுரத்துக்குப் போய், மேலாளரையும் அங்கே வரவழைத்தேன். வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் அந்த டிரைவர் வண்டியை நிறுத்தியதும் வயரைத்தான் முதலில் கழற்றினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“இதக் கழட்டாம லோடு ஏத்துனா, இங்கன நிக்கிற அம்புட்டு உசுருக்கும் உங்க பெட்டியா பதில் சொல்லும்?”

மேலாளர் குனிந்து, கழற்றிய வயரைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், “தப்பு என் மேலதாண்ணே. அந்தப் பெட்டிக்குத் திருட்டுன்னு சொல்லிக் கொடுத்தது நான். நானும் இந்த ஊருக்காரிதான்.”

“இந்த ஊரா? பெறகு எப்படிம்மா மறந்தீக?”

வெட்கமாக இருந்தது. அங்கேயே வேப்பமரத்தடியில் மடிக்கணினியைத் திறந்து விதியைத் திருத்தினேன். பட்டாசுக் கம்பெனி எல்லைக்குள் வயரைக் கழற்றினால் பச்சை. கழற்றாமல் நிறுத்தி வைத்தால்தான் சிவப்பு. மேலாளர் லோடுமேன்கள் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

சனிக்கிழமை அதே லாரியை அவரே ஓட்டிக்கொண்டு போனார். இன்று அந்தப் பக்கம் போகும் வண்டிகள் எல்லாம் அவர் பழக்கத்தை வைத்துத்தான் சரியா தவறா என்று பார்க்கப்படுகின்றன. எத்தனையோ நிரல் எழுதியிருக்கிறேன். மார்தட்டிச் சொல்லிக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.