வண்டியை மறித்த ஆரத்தி

பொற்கொடிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. முதல் ஷிப்ட் முடித்துக் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து குதித்தவள், முகம்கூடக் கழுவாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த லைன் வீட்டுத் தெருவுக்கு வேட்பாளர் வரப்போகிறார். வருவார், ஆனால் வண்டியை நிறுத்த மாட்டார். ஒவ்வொரு தேர்தலிலும் அப்படித்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அங்கே குடியிருப்பவர்கள் எல்லாம் சேலம், திண்டுக்கல் என்று வெளியூர்க்காரர்கள். பொற்கொடியே கல்யாணத்துக்கு முன்னால் கல்லாவி என்கிற ஊரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவள்தான். சம்பளம் இங்கே, வாடகை இங்கே, வாங்குகிற சோப்புக்கும் சீப்புக்கும் வரி கட்டுவது இங்கே. ஓட்டு மட்டும் சொந்த ஊரில்! தேர்தல் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஓட்டில்லாத தெருவுக்கு எவன் சாக்கடை கட்டுவான்? மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் அடுப்படி வரை வரும். தெருமுனையில் மட்டும் தொகுதி நிதியில் கட்டிய நிழற்குடை பளபளவென்று நிற்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸே வருவதில்லை.

அதைப் பார்க்கப் பார்க்கப் பொற்கொடிக்கு வயிறு எரிந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சியும் சண்டை போட்டும் எல்லாருடைய ஓட்டையும் ஓசூருக்கே மாற்ற வைத்தாள். இன்று வண்டி நிற்காமல் போய்விட்டால் தெருவே சேர்ந்து அவளைத்தான் உலுக்கி எடுக்கும்.

மேளச் சத்தம் நெருங்கியது. வண்டிக்கு முன்னால் ஓடிவந்த கட்சிக்காரர் மாரிசாமி கையை வீசினார்.

"போலாம் போலாம்! லைன் வூடுங்கதான், இங்க ஓட்டு இல்ல!"

அவ்வளவுதான். பொற்கொடி தட்டோடு நடுத்தெருவில் பாய்ந்தாள்.

"யாருங்ணா சொன்னது? தெரு மொத்தத்துக்கும் இங்கதானுங்க ஓட்டு!"

பின்னால் நின்ற பெண்கள் வாக்காளர் அட்டைகளைத் தூக்கிக் காட்டிக் கூச்சல் போட்டார்கள். பிரேக் கிறீச்சிட்டது. வேட்பாளர் முகமெல்லாம் சிரிப்பாகக் குதித்து இறங்கினார், நேராகத் தெருவில் தேங்கிக் கிடந்த சாக்கடைத் தண்ணீருக்குள். தெருவே கொல்லென்று சிரித்தது.

மாரிசாமி நைசாக ஒரு நோட்டை மடித்துத் தட்டில் போட வந்தார். பொற்கொடி கையால் தட்டை மூடிக்கொண்டாள்.

"அது வேணாங்ணா. இந்தத் தண்ணி போறதுக்கு வழி பண்ணச் சொல்லுங்க."

"ஜெயிச்சதும் தெருவுக்குப் பெரிய ஆர்ச்சே கட்டித் தர்றேம்மா!" என்றார் வேட்பாளர்.

"ஐயோ சாமி, வேணாங்க! அதுவும் எங்க வரிக் காசுதானுங்களே."

அவர் நனைந்த வேட்டியைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார். "சாக்கடைதாம்மா மொத வேல" என்றார். விடுவாளா பொற்கொடி? அதையே மைக்கில் இன்னொரு தரம் சொல்ல வைத்தாள். விசில் பறந்தது. அதன் பிறகுதான் அவள் ஆரத்தி சுற்றி அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

வண்டியில் ஏறப்போனவர் திரும்பினார். "வெவரமாத்தான் பேசுற. நீ எந்தூரும்மா?"

யார் கேட்டாலும் கல்லாவி என்றே சொல்லிப் பழகிய வாய். அது வழக்கம்போல் அதையே சொல்லிவிடுவதற்குள் பொற்கொடி முந்திக்கொண்டாள்.

"ஓசூருங்க."